மறைந்திருந்த கை: பிட்டுமன் கலந்த ஒரு ஹங்கேரிய எண்ணெய் ஓவியத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

புடாபெஸ்டின் பழைய அடுக்குமாடி வீடொன்றில் மூன்று தலைமுறைகளாக ஒரே குடும்பத்திடம் இருந்த ஓவியம் இது. கித்தானில் எண்ணெய் வண்ணம். உயரம் 74 செ.மீ., அகலம் 92 செ.மீ. கிராமத்து வீட்டின் உட்புறத்தைக் காட்டுகிறது. இடப்பக்கம் ஒரு சிறிய சன்னல். அதன் வெளிச்சத்தில் மூதாட்டி ஒருத்தி பெஞ்சில் அமர்ந்திருக்கிறாள். சிவப்புப் பாவாடை அணிந்த இளம்பெண் அவள் முன் முழந்தாளிட்டு, மடியில் முகம் புதைத்திருக்கிறாள். தரையில் பிரித்துப் போட்ட கடிதம். வலப்பக்கத்து மூன்றில் ஒரு பங்கு முழுக்க இருட்டு.

வீட்டில் இந்தப் படத்துக்கு வழங்கிய பெயர் ‘கண்டிப்பு’. பார்த்தவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மூதாட்டி நிமிர்ந்து, இறுக்கமாக அமர்ந்திருந்தாள். அவளது வலக்கை முழங்கைக்குக் கீழே பழுப்புக்குள் கரைந்து போயிருந்தது. அழும் பெண்ணைத் தொட மனமில்லாதவள் போலத் தெரிந்தாள்.

உரிமையாளர் வயது முதிர்ந்த பெண்மணி. ஓவியத்தை விற்க விரும்பியவர் அவருடைய மகன். வலக்கீழ் மூலையில், புகழ்பெற்ற ஹங்கேரிய ஓவியரின் பெயரான ‘முன்காச்சி’ என்று படிக்கக்கூடிய கையொப்பம் இருந்ததே அந்த விருப்பத்துக்குக் காரணம். ஏலத்துக்கு முன் மதிப்பிட வந்தவர், சுத்தம் செய்தால்தான் எதையும் சொல்ல முடியும் என்று கூறிவிட, ஓவியம், பழைய ஓவியங்களைப் பழுதுபார்த்துப் பேணும் பாதுகாப்புப் பணியகத்துக்கு வந்தது. மகன் கேட்டது வெளிச்சமான, விலைபோகும் படம். தாய் கேட்டது படம் தனக்குத் தெரிந்த படமாகவே திரும்பி வர வேண்டும் என்பது. இரண்டு கோரிக்கைகளும் முதல் நாளே எழுத்தில் பதிவாயின. பின்னால் எழுந்த விவாதங்களில் பாதியை இந்தப் பதிவே தீர்த்து வைத்தது.

காலமும் சூழலும்

கித்தானின் பின்புறத்தை முந்தைய பழுதுபார்ப்பில் ஒட்டிய இரண்டாவது கித்தான் மூடியிருந்தது. ஆனால் கித்தானை இழுத்துப் பொருத்தும் அசல் மரச்சட்டத்தையே மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். அதில் மியூனிக் நகரக் கலைப்பொருள் கடை ஒன்றின் முத்திரை பாதி அழிந்த நிலையில் இருந்தது. இதில் வியப்பில்லை. 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஹங்கேரிய ஓவியர்கள் பயிற்சிக்குப் பெரும்பாலும் மியூனிக் அகாதெமிக்கே போனார்கள். பெர்தலான் சேகெய், ஜூலா பென்ட்ஸூர், பால் சின்யெய் மெர்ஷெ ஆகியோர் அங்கே கார்ல் ஃபொன் பிலோட்டியிடம் படித்தவர்கள்.

உடைகளும் தூரிகை வேலையும் 1870களைச் சுட்டின. இருண்ட பின்புலத்திலிருந்து முகங்களையும் கைகளையும் மட்டும் வெளிச்சத்துக்கு இழுக்கும் முறை அப்போது பரவலாக இருந்தது. அதற்குப் பெரும் வரவேற்பைப் பெற்றுத் தந்தவர் மிஹாய் முன்காச்சி (1844–1900). மரண தண்டனை பெற்ற கைதியின் கடைசி நாளைக் காட்டும் ஓவியம் 1870இல் பாரிஸ் சலோன் ஓவியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. போரில் காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடப் பழந்துணியை நூலாகப் பிரிக்கும் பெண்களின் ஓவியம் 1871இல் வந்தது. இரண்டிலும் உணர்ச்சியைச் சுமப்பவை முகங்களும் கைகளும்தான். அவர் அடியில் பூசிய பிட்டுமன், அதாவது நிலக்கீல், பின்னாளில் அவருடைய படங்களையே கருமையாக்கியதும் இத்துறையில் எல்லாரும் அறிந்தது. அதே பாணியில் வரைந்த பெயர் தெரியாத ஓவியர்களின் படங்களிலும் அதே கேடு நிகழ்ந்திருக்கிறது. அவை பற்றிய பதிவுகள்தான் குறைவு.

பிட்டுமன் என்ன செய்கிறது

பழைய டச்சு ஓவியங்களில் இருப்பதுபோன்ற ஒளி ஊடுருவும், சூடான பழுப்பு உடனடியாக வேண்டும் என்ற ஆசைதான் பிட்டுமனை ஓவியர்களின் தட்டுக்குக் கொண்டு வந்தது. எண்ணெயும் பிசினும் சேர்த்துக் காய்ச்சினால் தடவ இதமாக இருக்கும். பூசிய அன்று அழகாகவும் இருக்கும். ஆனால் அது முழுதாக உலர்வதே இல்லை. ஆளி எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. பிட்டுமனில் உள்ள சில சேர்மங்கள் அந்த வினையையே தடுக்கின்றன.

அதன்மேல் ஈயவெள்ளை கலந்த வண்ணத்தைப் பூசும்போது சிக்கல் இரட்டிப்பாகிறது. ஈயம் எண்ணெயை விரைவாக உலரச் செய்யும். மேலடுக்கு இறுகிச் சுருங்குகிறது. கீழடுக்கு இளகியே கிடக்கிறது. சுருங்கும் தோல் இளகிய சதையின்மேல் பிய்வது போல, மேல்வண்ணம் தீவு தீவாகப் பிரிந்து விலகுகிறது. முகமும் கையும் ஈயவெள்ளை மிகுந்த இடங்கள். ஆகவே படத்தில் மிக முக்கியமான இடங்கள்தான் முதலில் உடைகின்றன.

இந்த வெடிப்பை முதுமை வெடிப்போடு குழப்பிக்கொள்ளக் கூடாது. முதுமை வெடிப்பு மயிரிழை போல மெல்லியது, விளிம்பு கூர்மையானது, அடித்தளத்தையும் துளைத்துக் கித்தான் வரை போகும். உலர்வு வெடிப்பு அகலமானது, விளிம்பு உருண்டிருக்கும், வண்ண அடுக்கோடு நின்றுவிடும். இடைவெளியில் கீழுள்ள பழுப்போ அடித்தளமோ தெரியும். முன்னதை ஒட்டிச் சரிசெய்யலாம். பின்னதை மூட முடியாது. விலகிய தீவுகள் திரும்பி வந்து சேர்வதில்லை.

இன்னும் இரண்டு இயல்புகள் சிகிச்சையையே நிர்ணயிக்கின்றன. பிட்டுமன் வெப்பத்தில் இளகும். சைலீன் போன்ற அரோமாட்டிக் கரைப்பான்களிலும் டர்பன்டைனிலும் எளிதாகக் கரையும். எண்ணெயும் பிசினும் கலந்த அடுக்காக இருந்தால், வார்னிஷை எடுக்கும் ஆல்கஹாலும் அசிட்டோனும் அதையும் சேர்த்து இளக்கும்.

வந்தபோது இருந்த நிலை

ஓவியம் பல ஆண்டுகள் எரிவாயுச் சூடேற்றிக்கு நேர்மேலே மாட்டப்பட்டிருந்தது. அதன் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. கீழ்ப்பகுதியில் வெடிப்புகள் 3 மி.மீ. வரை அகன்றிருந்தன, மேற்பகுதியில் 1 மி.மீ.க்குள் நின்றன. பாவாடையின் கீழ் மடிப்பில் இளகிய பழுப்பு சற்றே கீழே வழிந்து உறைந்திருந்தது.

வண்ணம் செதிலாக எழும்பியிருந்தது சன்னல் பகுதியில் மட்டும்தான். அங்கே பிட்டுமன் இல்லை. பழுது கித்தானின் அசைவால் வந்தது. இரண்டாவது கித்தானை மாவுப் பசையாலும் விலங்குப் பசையாலும் ஒட்டி, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தியிருந்தார்கள். கடிதத்திலிருந்த தடித்த வெள்ளைப் பூச்சு தட்டையாகியிருந்தது. நான்கு விளிம்புகளில் இரண்டில் ஒட்டு விட்டிருந்தது. நடுப்பகுதி உறுதியாகவே இருந்தது.

குடும்பத்தின் காகிதக் கட்டில் 1950களின் இறுதியைச் சேர்ந்த ஒரு ரசீது கிடைத்தது. ‘சுத்தம், புதுக் கித்தான் ஒட்டுதல், வண்ணத் திருத்தம்’ என்று மட்டும் எழுதியிருந்தது.

ஆய்வுகள்

சாய்வொளியில் பார்த்ததும் முதல் ஐயம் எழுந்தது. இளம்பெண்ணின் தலைமுடிமேல், ஏறத்தாழ 6 × 4 செ.மீ. பரப்பில், மேற்பரப்பு சுற்றுப்புறத்தைவிடத் தடித்திருந்தது. வெறும் முடிக்கு இவ்வளவு தடிமன் தேவையில்லை.

புற ஊதா ஒளியில் இரண்டு வார்னிஷ் அடுக்குகள் தெரிந்தன. மேலடுக்கு நீலம் கலந்த பால்வெண்மையாக ஒளிர்ந்தது. இது கீட்டோன் பிசின் என்ற செயற்கைப் பிசினின் இயல்பு. விளிம்பில் அது தேய்ந்திருந்த இடங்களில் கீழே பசுமஞ்சள் ஒளிர்வு தெரிந்தது. அது இயற்கைப் பிசின். தலைமுடிப் பகுதியும் வலப்பக்க இருட்டும் மங்கலான கருந்திட்டுகளாக நின்றன. கையொப்பம் எல்லாவற்றுக்கும் மேலே, அப்பட்டமான கருப்பில் இருந்தது.

கையைக் காட்டிக் கொடுத்தது எக்ஸ்-ரே. ஈயம் கதிரைத் தடுப்பதால் ஈயவெள்ளை படத்தில் வெண்மையாகப் பதியும். தலைமுடியின் மேல் விரல்கள் விரிந்த ஒரு கை, துண்டு துண்டாக உடைந்த நிலையில், தெளிவாக நின்றது. மூதாட்டியின் வலக்கை அழும் பெண்ணின் தலையை வருடிக்கொண்டிருந்தது. அகச்சிவப்புப் படத்தில் அந்தக் கைக்கான பென்சில் கோடுகளும் தெரிந்தன. ஆகவே அது இடையில் தோன்றிச் சேர்த்த கை அல்ல. தொடக்கத்திலிருந்தே திட்டமிட்ட கை. ஓவியரே அதை மூடியிருக்க முடியுமா என்ற கேள்வி மிஞ்சியது. அதற்கு வண்ண மாதிரி பதில் சொன்னது.

கையை மூடிய பூச்சில் எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி டைட்டானியத்தைக் காட்டியது. டைட்டானியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்ததே முதல் உலகப் போரை ஒட்டித்தான். லேசர் ஒளியின் சிதறலைக் கொண்டு பொருளை அறியும் ராமன் ஆய்வு அதை ரூட்டைல் வகை என்று அடையாளம் கண்டது. அந்த வகை பரவலானது 1940களில். ரசீதின் காலத்தோடு இது பொருந்தியது. ஊசிமுனை அளவு மாதிரியின் குறுக்குவெட்டில் இன்னொரு செய்தியும் கிடைத்தது. அசல் வண்ணத்துக்கும் மூடிய பூச்சுக்கும் இடையே பழைய இயற்கைப் பிசின் வார்னிஷ் ஓர் அடுக்காக அப்படியே இருந்தது. அடிப்பழுப்பில் பிட்டுமன் இருப்பதை வாயு நிறப்பகுப்பும் நிறை நிரலும் இணைந்த ஆய்வு உறுதி செய்தது. பெட்ரோலிய மூலத்தைச் சுட்டும் ஹோப்பேன் சேர்மங்கள் அதில் கிடைத்தன. காசல் மண் என்ற மற்றொரு பழுப்பும் சரியாக உலராதது, கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவது. அதன் சேர்மங்களின் சேர்க்கை வேறு.

கையை ஏன் மூடினார்கள் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. பிட்டுமன் முடிமேல் ஈயவெள்ளைக் கை. அது உடைந்து தீவுகளாகியிருந்தது. உடைந்த கையைச் சீராக்குவதைவிடப் பழுப்பால் மூடுவது எளிது. அந்தக் காலத்தில் பழுதுபார்ப்பு பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

எடுத்த முடிவுகள்

மூன்று வழிகள் மேசைமேல் இருந்தன. எதையும் தொடாமல் இடத்தை மட்டும் மாற்றி மாட்டுவது முதல் வழி. இரண்டு வார்னிஷையும் எல்லாப் பிற்காலப் பூச்சையும் எடுப்பது இரண்டாவது. இடத்துக்கு இடம் வேறுபடுத்திச் சுத்தம் செய்வது மூன்றாவது.

முழுச் சுத்தம் முதல் சோதனையிலேயே விலக்கப்பட்டது. ஐசோ-ஆக்டேன் என்ற மென்மையான கரைப்பானில் 5 விழுக்காடு எத்தனாலில் தொடங்கிப் படிப்படியாக உயர்த்திச் சோதித்தபோது, மேல் வார்னிஷ் 20 விழுக்காட்டில் வந்தது. கீழ் வார்னிஷுக்கு 40 தேவைப்பட்டது. சன்னல், முகம், கடிதம் ஆகிய இடங்களில் 40 விழுக்காடு பாதுகாப்பானது. இருண்ட பகுதியில் அதே கலவை சில நொடிகளில் பஞ்சைப் பழுப்பாக்கியது. சைலீன் தொட்ட மாத்திரத்தில் கரைத்தது. இருட்டில் கீழ் வார்னிஷை எடுப்பது என்றால் ஓவியத்தை எடுப்பது என்று பொருள்.

மகனின் வாதம் நியாயமற்றது அல்ல. வெடித்த கையைவிட மூடிய பழுப்பு நன்றாக விலைபோகும் என்றார். கலை வரலாற்று ஆலோசகர் மறுத்தார்: அந்தக் கை இல்லாத ஓவியம் வேறொரு ஓவியம், அதை வரைந்தவர் பெயர் தெரியாத ஒரு பழுதுபார்ப்பவர். தாய் எக்ஸ்-ரே படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, கை வரட்டும் என்றார். இது அழகியல் காரணமாகவே முடிவானது என்று நினைக்க வேண்டாம். கைக்கும் மூடிய பூச்சுக்கும் இடையே பிரிப்பு அடுக்காக வார்னிஷ் இல்லாதிருந்தால், பணியகம் கையைத் தொடாமல் எக்ஸ்-ரே படத்தை மட்டும் ஆவணமாகக் கொடுத்திருக்கும்.

முடிவு இது. வெளிச்சப் பகுதிகளில் இரண்டு வார்னிஷும் எடுக்கப்படும். இருட்டில் மேல் வார்னிஷ் மட்டும் மெலிதாக்கப்படும். கையை மூடிய பூச்சு எடுக்கப்படும். வலப்பக்க இருட்டின் பிற்காலப் பூச்சு அப்படியே இருக்கும். அதன் கீழே பழுப்பைத் தவிர எதுவும் இல்லை. ஒட்டிய கித்தானைப் பிரிக்கத் தேவையில்லை. பிரிக்கும் ஈரமும் இழுவையும் இளகிய வண்ணத்துக்குத் தேவையற்ற சோதனை. சூடான மெழுகு-பிசினால் மறுபடி ஒட்டுவது பேச்சுக்கே வரவில்லை.

செய்த விதம்

முதலில் செதில்கள். சன்னல் பகுதியில் 3 விழுக்காடு ஸ்டர்ஜன் மீன் பசையை மெல்லிய ஜப்பானியத் தாளின் வழியே செலுத்தி, சிலிக்கான் பூசிய தாள் வைத்து, சிறு எடைகளால் அழுத்தினர். இருண்ட பகுதியில் பாதுகாப்புத் தாள் எதையும் ஒட்டவில்லை. பிட்டுமன்மேல் ஒட்டிய தாள் திரும்ப எடுக்கும்போது வண்ணத்தோடு வரும்.

மேற்பரப்பு அழுக்கை, ட்ரைஅம்மோனியம் சிட்ரேட்டின் 1 விழுக்காடு நீர்க்கரைசலால், அமிலக் காரத் தன்மையை (pH) 7இல் நிறுத்திப் பஞ்சால் உருட்டி எடுத்து, தூய நீரால் இருமுறை துடைத்தனர். நீர் பிட்டுமனைக் கரைக்காது என்பதால் இந்தப் படி இருட்டிலும் பாதுகாப்பானது. அறுபது ஆண்டுப் புகையும் அடுப்புப் படலமும் போனதிலேயே படம் பாதி தெளிந்துவிட்டது.

வார்னிஷ் வேலையில் எதிர்பாராதது நடந்தது பாவாடையில். நடுமடிப்பில் சோதனைச் சதுரம் பாதுகாப்பாக வந்தது. இரண்டு விரல் அகலம் தள்ளி, நிழல் விழும் மடிப்பில், அதே கலவை பஞ்சைச் சிவந்த பழுப்பாக்கியது. ஓவியர் அங்கே சிவப்பின்மேல் பிட்டுமனை ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சாகத் தடவி நிழல் உண்டாக்கியிருந்தார். வேலை உடனே நின்றது. அந்த மடிப்பில் கீழ் வார்னிஷ் விடப்பட்டது. சுற்றியுள்ள சுத்தமான சிவப்போடு முரணாகாதபடி எல்லையைப் படிப்படியாக மெலிதாக்கினர். ஒரே நிறத்துக்கு ஒரு சோதனை போதும் என்பது இத்தகைய படங்களில் செல்லாது. ஒவ்வொரு நிழலுக்கும் தனிச் சோதனை வேண்டும்.

கை கடைசியில். கரைப்பான் எதுவும் இல்லை. 20 மடங்கு பெரிதாக்கும் இரட்டைக்கண் நுண்ணோக்கியின் கீழ் 15ஆம் எண் அறுவைக் கத்தி மட்டும். அறையை 18 டிகிரி செல்சியஸில் வைத்திருந்தனர். அந்தக் குளிர்ச்சியில் வார்னிஷ் நொறுங்கும் தன்மையோடு இருந்தது. பிட்டுமனும் சற்று இறுகியிருந்தது. கத்தியைத் தட்டையாக, வார்னிஷ் மட்டத்தில் செலுத்தினால் மேற்பூச்சு சிறு சில்லுகளாகத் தெறித்து வரும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். வெடிப்புகளுக்குள் இறங்கி உறைந்த பூச்சைத் தொடவில்லை. அங்கே வார்னிஷ் இல்லை. கத்தி நேராக இளகிய பழுப்பில் இறங்கிவிடும்.

வெளிப்பட்ட கை ஒன்பது தீவுகளாக இருந்தது. வெடிப்புகளை முழுதாக நிரப்பினால் அது புதிய கை ஆகிவிடும்; ஒன்றும் செய்யாவிட்டால் கண் வெடிப்பை மட்டுமே பார்க்கும். விரல்களின் வெளிக்கோட்டை வெட்டிச் செல்லும் வெடிப்புகளை மட்டும், அவற்றின் அகலம் பாதியாகத் தோன்றும் அளவுக்கு, நீர்வண்ணத்தால் அடக்கினர். அதன்மேல் ரீகல்ரெஸ் 1094 என்ற வார்னிஷ், அரோமாட்டிக் கூறு இல்லாத கரைப்பானில், இரண்டு மெல்லிய தெளிப்புகள். பாரலாய்ட் பி-72 என்ற வார்னிஷ் இதைவிட உறுதியானது. ஆனால் அதற்கு வேண்டிய கரைப்பான்கள் இந்தப் படத்துக்கு ஆகாதவை. இறுதி நுண்திருத்தம் யூரியா-ஆல்டிஹைட் பிசின் வண்ணத்தால் ஐசோபுரோப்பனாலில் செய்யப்பட்டது. ரீகல்ரெஸ் ஆல்கஹாலில் கரையாது. ஆகவே அந்த வார்னிஷே கீழுள்ள வண்ணத்துக்குக் காப்பாக நின்றது.

விட்டுப்போன விளிம்புகளுக்கு பேவா 371 என்ற பசைப் படலத்தால் துணிப்பட்டை ஒட்டினர். அது 65 டிகிரியில் இளகி ஒட்டும். அந்தச் சூடு ஆணியடிக்கும் மடிப்பு ஓரத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டனர். அந்த ஓரத்தில் வண்ணமே இல்லை.

கையொப்பம்

இது சுருக்கமான விஷயம். கையொப்பத்தின் வண்ணம் முதுமை வெடிப்புகளுக்குள் இறங்கியிருந்தது. அதாவது வெடிப்பு வந்த பிறகு எழுதியது. 1950களின் வார்னிஷுக்கு மேலே இருந்தது. அந்த வார்னிஷோடு போய்விடக்கூடியது. முன்காச்சி பெயரில் போலிகள் ஏராளம் என்பதால் இது யாருக்கும் அதிர்ச்சியாக இல்லை, மகனைத் தவிர. ஒளிப்படமும் நுண்ணோக்கிப் படமும் எடுத்து, உரிமையாளரின் எழுத்துச் சம்மதத்துடன் நீக்கினர். அடியில் வேறு கையொப்பம் இல்லை. அறிக்கையில் ‘ஹங்கேரிய ஓவியர், பெயர் தெரியவில்லை, 1870கள்’ என்றே எழுதப்பட்டது.

விளைவு

ஏலத்துக்கு ஓவியம் போகவில்லை. பெயர் போன பிறகு மதிப்பீடு வெகுவாக இறங்கியது. விற்க வேண்டாம் என்று குடும்பம் முடிவு செய்தது. இப்போது வீட்டின் உட்சுவரில், சூடேற்றியிலிருந்து விலகி, 150 லக்ஸ் வெளிச்சத்தில் இருக்கிறது. முன்னால் ஒளி தெறிக்காத கண்ணாடி, வண்ணத்திலிருந்து 8 மி.மீ. விலகலுடன்; இளகிய வண்ணம் கண்ணாடியைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். பின்னால் தடுப்பு அட்டை. வெப்பநிலை 22 டிகிரிக்குள், ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவை மகனே குறித்துவருகிறார்.

இரண்டு குளிர்காலங்களுக்குப் பிறகு நடந்த பரிசோதனையில் கையிலும் முகத்திலும் புதிய வெடிப்பு இல்லை. பாவாடையின் கீழ் மடிப்பில் குறித்து வைத்த ஐந்து வெடிப்புகளில் ஒன்று மட்டும் 0.2 மி.மீ. அகன்றிருந்தது. பிட்டுமன் ஓவியத்தில் இது கவலைக்குரிய அளவு அல்ல. நின்றுவிட்டது என்று சொல்லவும் முடியாது. வலப்பக்க இருட்டு இன்னும் சற்று மஞ்சளாகவே இருக்கிறது. வாங்குபவர் யாரும் கேட்டால் அதுவே குறையாகத் தெரியும். அதை எடுக்க முயன்றிருந்தால் அங்கே இருட்டே இருந்திருக்காது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

எக்ஸ்-ரே படம் கரைப்பான் சோதனைகளுக்கு முன்பே எடுக்கப்பட வேண்டும். இங்கே சோதனைச் சதுரங்களில் ஒன்று கையின் விளிம்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளித்தான் விழுந்திருந்தது. சதுரத்தை எங்கே வைப்பது என்பதைத் தீர்மானிப்பதே எக்ஸ்-ரேயாக இருக்கட்டும்.

ஒவ்வொரு நிழல் மடிப்பையும் புற ஊதாப் படத்தில் எண்ணிட்டு, அந்த எண்ணுக்கு எதிரே தனிச் சோதனை முடிவை எழுதும் அட்டவணை தொடக்கத்திலேயே வேண்டும். பாவாடையில் வேலை நின்ற பிறகுதான் இந்த அட்டவணை உருவானது.

கையொப்பம் குறித்த ஐயத்தை முதல் வாரத்திலேயே உரிமையாளரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். புற ஊதாப் படத்திலேயே விடை தெரிந்திருந்தது. செலவு மதிப்பீட்டில் கையெழுத்திடும் முன் அதை அறிவது அவர்களின் உரிமை.

ஓவியத்தை வீட்டிலிருந்து எடுத்துவந்த வாகனத்தில் வெப்பநிலை அளக்கப்படவில்லை. கோடையில் மூடிய வாகனத்தின் உள்ளே 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். பிட்டுமன் ஐயமுள்ள படத்தைக் குளிர்காலத்தில், அல்லது குளிரூட்டிய வாகனத்தில், முகப்பில் எதுவும் படாதபடி விளிம்புச் சட்டத்தில் பொருத்தியே நகர்த்த வேண்டும்.

வெடிப்பளவு எடுக்கும் இடங்கள் ஐந்து போதாது. மேற்பகுதியில் ஒன்றுகூடக் குறிக்கப்படாததால், 0.2 மி.மீ. அசைவு கீழ்ப்பகுதிக்கு மட்டுமானதா என்று இப்போது ஒப்பிட வழியில்லை. அடுத்த பரிசோதனைக்குப் பன்னிரண்டு இடங்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் நான்கு சன்னலுக்கு மேலே.